எஸ்டிமேட்டின் ஏழாவது வரி

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஒன்றுகூடல் விழாவில், மெக்கானிக்கல் துறை முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் எனக்கு போன் செய்து, "பதினைந்து நிமிஷம் ஏதாவது பயனுள்ளதாப் பேசுப்பா" என்றார். "கார் ரிப்பேர் எஸ்டிமேட் நியாயமா இல்லையான்னு எப்படிப் பார்க்கிறது, அதைப் பத்திப் பேசறேன் சார்" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அதுல பதினைந்து நிமிஷம் பேச என்னப்பா இருக்கு?" என்றார். பேசி முடித்த பிறகு அவரே சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

இந்தத் தலைப்பை நானாகத் தேடிப் போகவில்லை. மாதம் இரண்டு பேராவது என் செல்போனுக்கு ஒரு எஸ்டிமேட்டைப் படம் பிடித்து அனுப்புகிறார்கள். கீழே ஒரே வரி: "மச்சான், இது நியாயமான்னு பாரு." அனுப்பியவர்களில் பாதிப் பேர் இந்த அரங்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள். சிரிக்க வேண்டாம்! நான் வேலை செய்வது கார் கம்பெனியில் அல்ல, கோயம்புத்தூரில் பம்ப் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில். ஆனாலும் மெக்கானிக்கல் படித்தவன் என்றால் ஸ்கூட்டரிலிருந்து தையல் மெஷின் வரை தெரிந்திருக்க வேண்டும் என்பது நம் ஊர் வழக்கம். ரொம்ப நாளாக என் பதிலும் ஒரே பதில்தான்: "அதிகம்டா. பாதியாக் குறைக்கச் சொல்லு." இதைச் சொல்ல வண்டியைப் பார்க்க வேண்டாம், எஸ்டிமேட்டைக்கூடப் பார்க்க வேண்டாம். கேட்பவனுக்கும் சந்தோஷம், சொல்பவனுக்கும் பெருமை.

2022-ல் இதே பதிலை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

அப்போது என் பெட்ரோல் காருக்கு ஐந்து வயது, 52,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. கோடை விடுமுறைக்கு முன்னால் சர்வீஸுக்கு விட்டேன். எந்த இடம் என்பது வேண்டாம், எல்லா ஊரிலும் உள்ளதுதான். அங்கே இருந்த சர்வீஸ் அட்வைசர், இருபத்தைந்து வயதுப் பையன், பதினைந்து வரி கொண்ட ஒரு எஸ்டிமேட்டைக் கொடுத்தார். கடைசியில் மொத்தம் 33,400 ரூபாய்.

எனக்கு ரத்தம் கொதித்தது. பேனாவை எடுத்தேன். முன் பிரேக் டிஸ்க் இரண்டு, 5,400. அடித்தேன். பேட்டரி, 5,200. அடித்தேன். த்ராட்டில் பாடி கிளீனிங் 1,200, இன்ஜெக்டர் கிளீனிங் 1,800, எஞ்சின் ஃப்ளஷ் 900, ஏசி கிருமி நீக்கம் 1,400, வண்டியின் அடிப்பாகத்துக்குக் கோட்டிங் 4,500. எல்லாம் அடி. அந்த வேகத்திலேயே ஏழாவது வரியையும் அடித்தேன்: பிரேக் ஆயில் மாற்றுதல், 1,100 ரூபாய்.

அந்தப் பையன் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சார், பிரேக் ஆயில் மட்டும் விடாதீங்க சார். அஞ்சு வருஷமா மாத்தவே இல்லை."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தம்பி, நான் மெக்கானிக்கல் இன்ஜினியர். நீங்க எல்லாத்துக்கும் இப்படித்தான் சொல்லுவீங்க."

எட்டு வரி போய், பில் 11,900 ரூபாய். 21,500 மிச்சம்! வீட்டுக்கு வரும் வழியிலேயே நான்கு நண்பர்களுக்கு போன் போட்டுப் பெருமை பேசினேன்.

மூன்று வாரம் கழித்து மே மாதத்தில் அம்மா, மனைவி, இரண்டு குழந்தைகளோடு கொல்லிமலைக்குப் போனோம். அறப்பளீஸ்வரர் கோயில், ஆகாய கங்கை அருவி எல்லாம் பார்த்துவிட்டு மறுநாள் மத்தியானம் இறங்கினோம். காரவள்ளி அடிவாரம் வரை 70 கொண்டை ஊசி வளைவு என்பது உங்களில் பலருக்குத் தெரியும். வண்டியில் ஐந்து பேர், டிக்கி நிறைய மூட்டை, பலாப்பழம் வேறு. நான் மூன்றாவது கியரிலேயே, பிரேக்கில் கால் வைத்தபடியே இறங்கிக்கொண்டிருந்தேன். அது என் இரண்டாவது தப்பு. முதல் தப்பு ஏழாவது வரி.

பாதி வளைவுகள் தாண்டியிருப்போம். ஒரு திருப்பத்துக்கு முன்னால் பிரேக்கை மிதித்தேன். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. மறுபடி மிதித்தேன், தரையைத் தொட்டது. வண்டி நிற்கவில்லை.

அந்த சில நொடிகளை நான் விவரிக்கப் போவதில்லை. இரண்டாவது கியர், முதல் கியர் என்று இறக்கி, கைப்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மலைச்சுவர்ப் பக்கமாக ஒட்டி நிறுத்தினேன். கைப்பிரேக் கேபிளில் வேலை செய்வது, அதற்கு ஆயில் தேவையில்லை. அதனால்தான் இன்று உங்கள் முன்னால் நிற்கிறேன். மனைவி ஒரு கல்லை எடுத்துச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தாள். பின்சீட்டிலிருந்து அம்மா, "என்னப்பா, வண்டி சூடாயிடுச்சா?" என்றார். "ஆமாம்மா, கொஞ்சம் ஆறட்டும்" என்றேன். அம்மாவுக்கு இன்று வரை முழு விஷயம் தெரியாது. இந்த மலர் அச்சாகி வீட்டுக்கு வந்தால் தெரிந்துவிடும்!

ஒரு மணி நேரம் ஆறியதும் பெடல் தானாகவே கெட்டியாகிவிட்டது. வீட்டாரை பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டு, முதல் கியரில் தனியாக ஊர்ந்து இறங்கினேன். அதுவும் செய்திருக்கக் கூடாத காரியம்தான். வேறு வண்டி வைத்துக் கட்டி இழுத்திருக்க வேண்டும்.

நாமக்கல் பக்கம் லாரித் தொழிலுக்குப் பேர் போன சீமை. சேந்தமங்கலம் போகும் சாலையில் தகர ஷெட் போட்ட ஒரு மெக்கானிக் அண்ணனிடம் நிறுத்தினேன். அவர் எதையும் கழற்றவில்லை. "பெடல் பஞ்சாப் போச்சுங்களா? ஆறினதுக்கப்புறம் சரியாயிடுச்சுங்களா?" என்று இரண்டு கேள்வி கேட்டார். பிறகு பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே கடுங்காப்பி மாதிரி இருந்தது. "இந்த ஆயில் தண்ணி இழுக்குமுங்க. வருஷக் கணக்கா விட்டா தண்ணி சேர்ந்துக்கும். மலை இறக்கத்துல சூடாகித் தண்ணி கொதிச்சா ஆவிங்க. ஆவியை மிதிச்சா வண்டி எப்படிங்க நிக்கும்?" என்றார்.

நண்பர்களே, நான் பம்ப் கம்பெனிக்காரன். திரவத்தை அமுக்க முடியாது, ஒரு முனையில் கொடுத்த அழுத்தம் மறுமுனைக்கு அப்படியே போகும் என்கிற பாஸ்கல் விதியை இதே கல்லூரியில் எழுதித்தான் மார்க் வாங்கினேன். ஆவி அமுங்கும் என்பதும் எனக்குத் தெரியும். புதிய டாட் 3 பிரேக் ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது, ஈரம் ஏறிய நிலையில் 140 டிகிரியாவது தாங்க வேண்டும் என்பது தர அளவு. டாட் 4 என்றால் 230-ம் 155-ம். அதாவது ஈரம் சேரச் சேர, தாங்கும் சூடு அறுபத்தைந்து, எழுபத்தைந்து டிகிரி இறங்கிவிடுகிறது. இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. புத்தகம் என் அலமாரியில் இருந்தது. பேனா என் கையில் இருந்தது.

அந்த அண்ணன் நான்கு சக்கரத்திலும் பழைய ஆயிலை இறக்கிப் புதிதாக ஏற்றினார். ஒரு சின்னப் பையன் உள்ளே உட்கார்ந்து "மிதி, விடு" சொன்னபடி மிதித்தான். ஆயிலோடு சேர்த்து 700 ரூபாய். நான் வாய் திறக்காமல் கொடுத்தேன்.

ஊர் திரும்பியதும் அந்த எஸ்டிமேட்டை மறுபடி எடுத்து வைத்துக்கொண்டேன். நான் அடித்த மற்ற ஏழு வரியும் சரியா தப்பா என்று இந்த முறை அளந்து பார்த்தேன். பிரேக் டிஸ்கிலேயே குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். என் டிஸ்கில் 15 மில்லிமீட்டர். காலிப்பர் வைத்து அளந்தால் 16.4 இருந்தது. புதிதிலேயே 17 தான். ஆக, டிஸ்க் மாற்றத் தேவையில்லை. பேட்டரி, வண்டி ஓடாத நேரத்தில் 12.5 வோல்ட், ஸ்டார்ட் செய்யும்போது 10.4-க்குக் கீழே இறங்கவில்லை, எஞ்சின் ஓடும்போது 14.1. நல்ல பேட்டரி. மிச்சம் ஐந்து வரியும் வண்டியின் கையேட்டில் உள்ள சர்வீஸ் அட்டவணையில் இல்லவே இல்லை. வண்டியிலும் அதற்கான குறை ஏதும் இல்லை. அட்டவணையில் இருந்தது ஏழாவது வரி மட்டும்தான்: பிரேக் ஆயில், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை.

எட்டில் ஏழு சரி. பரீட்சையில் 87 மார்க். ஆனால் ஃபெயில்.

ஏன் ஃபெயில்? நான் எட்டு வரியையும் ஒரே காரணத்துக்காக அடித்தேன்: மொத்தம் அதிகம் என்று. ஏழு சரியாக வந்தது என் அறிவால் அல்ல, அதிர்ஷ்டத்தால். அந்தப் பக்கத்துத் தப்பையும் சொல்ல வேண்டும். தேவையில்லாத ஏழு வரிக்கு நடுவில் தேவையான ஒரு வரியை வைத்தால், அந்த ஒன்றையும் யாரும் நம்ப மாட்டார்கள். அந்தத் தம்பி உண்மையைத்தான் சொன்னார். மற்ற ஏழும் சேர்ந்து அவர் உண்மையைப் பொய்யாக்கிவிட்டன.

அன்றிலிருந்து யார் எஸ்டிமேட் அனுப்பினாலும் மொத்தத்தை நான் கடைசியில்தான் பார்க்கிறேன். ஒவ்வொரு வரிக்கும் நான்கு கேள்வி. குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்வி: இது எங்கே சொல்லியிருக்கிறது? ஒவ்வொரு காருக்கும் கையேடு உண்டு, அதில் எத்தனை கிலோமீட்டருக்கு, எத்தனை மாதத்துக்கு எதை மாற்ற வேண்டும் என்ற அட்டவணை உண்டு. எஞ்சின் ஆயில் எத்தனை லிட்டர் பிடிக்கும் என்பதும் அதில் இருக்கும். பில்லில் அதைவிட அதிகம் போட்டிருந்தால் கேட்கலாம். அட்டவணையில் உள்ளது ஒரு வகை. நீங்கள் சொன்ன குறைக்காகப் போட்டது இரண்டாவது வகை. இரண்டிலும் சேராதது மூன்றாவது வகை, அதற்குத்தான் விளக்கம் கேட்க வேண்டும். முக்கால்வாசி கொழுப்பு அங்கேதான் இருக்கும்.

இரண்டாவது: அளவு என்ன? "தேஞ்சு போச்சு சார்" என்பது அளவு அல்ல. பேட் எத்தனை மில்லிமீட்டர் பாக்கி? டயர் பள்ளம் எவ்வளவு? 1.6 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் பேரம் பேசாமல் மாற்றுங்கள். பேட்டரிக்கு லோடு டெஸ்ட் போட்டார்களா? நம் லேபில் ரீடிங் இல்லாமல் ரிசல்ட் எழுதினால் ரெக்கார்டு நோட்டு பறக்கும். அந்தக் கண்டிப்பைப் பணம் கொடுக்கும் இடத்தில் ஏன் மறக்கிறோம்?

மூன்றாவது: பார்ட்ஸ் எவ்வளவு, லேபர் எவ்வளவு? இரண்டையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். ஒரே தடவை கழற்றும் வேலைக்கு இரண்டு லேபர் இருக்கிறதா என்று பாருங்கள். பிரேக் பேட் மாற்ற ஒரு லேபர், அதே சக்கரத்தில் டிஸ்க் மாற்ற இன்னொரு முழு லேபர் என்றால் கேட்கலாம். இதற்கு மறுபக்கமும் உண்டு. கிளட்ச் பிளேட் மாற்ற கியர் பாக்ஸை இறக்குகிறார்கள். அப்போதே பிரஷர் பிளேட்டும் ரிலீஸ் பேரிங்கும் மாற்றச் சொன்னால், அது ஏமாற்று அல்ல. பேரிங் காசை மிச்சம் பிடித்தால், ஆறு மாதத்தில் மறுபடி கியர் பாக்ஸ் இறக்கும் கூலி உங்கள் தலையில் விழும். பார்ட்ஸ் பெட்டியில் எம்.ஆர்.பி. அச்சிட்டிருக்கும். அது வரி உட்பட்ட விலை, அதற்கு மேல் ஜி.எஸ்.டி. போடக்கூடாது. 2025 செப்டம்பர் 22 முதல், முன்பு 28 சதவீதமாக இருந்த பார்ட்ஸ் வரியும் 18 ஆகிவிட்டது. பழைய கணக்கிலேயே பில் வந்தால் சுட்டிக்காட்டுங்கள். மாற்றிய பழைய பார்ட்டைக் கேட்டு வாங்குங்கள். முதலிலேயே சொல்லிவிட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

நான்காவது கேள்வியைத்தான் நான் அன்று கேட்கவில்லை: இப்போது செய்யாவிட்டால் என்ன ஆகும்? ஏசி கிருமி நீக்கம் செய்யாவிட்டால் கொஞ்சம் வாசனை வரலாம். கோட்டிங் அடிக்காவிட்டால் ஒன்றும் அவசரம் இல்லை. இன்ஜெக்டர் கிளீனிங்கை, வண்டி இழுவை குறையும்போது பார்த்துக்கொள்ளலாம். பிரேக் ஆயில் மாற்றாவிட்டால்? அந்தக் கேள்வியை ஒரே ஒரு தடவை நான் கேட்டிருந்தால் அந்தத் தம்பி பதில் சொல்லியிருப்பார். நிறுத்துவது, திருப்புவது, ரோட்டைப் பிடிப்பது, அதாவது பிரேக், ஸ்டியரிங், டயர், இந்த மூன்றில் சந்தேகம் வந்தால் வேறு இடத்தில் காட்டி இன்னொரு கருத்துக் கேளுங்கள். பேனாவால் அடிக்காதீர்கள்.

"கம்பெனி சர்வீஸா, வெளி மெக்கானிக்கா?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். இரண்டு இடத்திலும் நல்லவரும் உண்டு, மற்றவரும் உண்டு. வெளியே குறை என்றால் பில் இல்லாத போலிப் பார்ட்ஸ், உள்ளே குறை என்றால் தேவையில்லாத வரிகள். "வெளியே விட்டா வாரண்டி போயிடும்" என்று பயமுறுத்துவதைப் பற்றி ஒரு தகவல். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம், உதிரி பாகங்களையும் ரிப்பேர் விவரங்களையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்ததாக 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. வெளியில் ரிப்பேர் பார்த்த ஒரே காரணத்துக்காக வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யும் நிபந்தனை கூடாது என்றும் சொன்னது. அதன் மேல் மேல்முறையீடுகள் நடந்தன. அதனால் வாரண்டிக் காலத்தில் உங்கள் வண்டியின் நிபந்தனையைப் படித்துவிட்டே முடிவு செய்யுங்கள். செய்யாத வேலைக்குப் பணம் வாங்கிவிட்டார்கள் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது, மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஆனால் அங்கே போகும்போது பில் கையில் இருப்பது நல்லது. பில் இல்லாமல் 200 ரூபாய் குறைத்து வாங்கியவருக்கு அங்கே தன் பக்கத்தை நிரூபிப்பது கஷ்டம்.

இன்னொன்றும் மனசில் உறுத்துகிறது, சொல்லிவிடுகிறேன். நாம் பார்ட்ஸ் விலையில் பேரம் பேசுவதில்லை, அச்சடித்த விலை என்று விட்டுவிடுகிறோம். கூலியில்தான் பேசுகிறோம். "இரண்டு நட்டு கழட்டினதுக்கு ஐந்நூறா?" என்கிறோம். சேந்தமங்கலம் சாலை அண்ணன் இரண்டே கேள்வியில் குறையைக் கண்டுபிடித்தார். அந்த இரண்டு கேள்விக்குப் பின்னால் எத்தனை வருஷம் இருக்கும்? குறையைச் சரியாகக் கண்டுபிடிப்பவருக்குக் கொடுக்கும் கூலி, தேவையில்லாத பார்ட்ஸ் வாங்காமல் மிச்சப்படுத்தும் பணம். அதைக் குறைத்துக் கொடுத்தால், அவர் பார்ட்ஸில்தான் பிழைக்க வேண்டியிருக்கும்.

மாணவத் தம்பி தங்கைகளே, "நாங்க எலெக்ட்ரிக் கார் வாங்கிக்குவோம் சார்" என்று நீங்கள் நினைக்கலாம். வாங்குங்கள். எஞ்சின் ஆயில் வரி போய்விடும், ஸ்பார்க் பிளக் வரி போய்விடும். பிரேக் ஆயில் வரி போகாது.

நாளைக்கு நீங்களும் எஸ்டிமேட் எழுதும் இடத்தில் உட்காருவீர்கள். வீடு கட்ட, மெஷின் வாங்க, சாஃப்ட்வேர் எழுத, எதற்காகவோ பதினைந்து வரி எழுதி ஒருவரிடம் நீட்டுவீர்கள். அப்போது அவர் கையில் ஒரு பேனா இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். தேவையில்லாத வரி எழுதாதீர்கள். உங்கள் ஏழாவது வரியை அவர் நம்ப வேண்டும்.

அந்த சர்வீஸ் அட்வைசர் தம்பியைப் போய்ப் பார்த்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எல்லாரும் நல்லா இருக்காங்கள்ல சார்?" என்று மட்டும் கேட்டார். இப்போதும் என் வண்டியை அவரிடம்தான் விடுகிறேன். எஸ்டிமேட்டில் எட்டு வரிக்கு மேல் போவதில்லை. எதையாவது அவர் சேர்த்தால் அளவையும் பக்கத்திலேயே எழுதிவிடுகிறார். பேனா இப்போதும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது, கையெழுத்துப் போட.